வெங்காயம் போடாத ரவா: ஒரு நிகழ்வு ஆய்வு

அண்ணாச்சி கொண்டுவந்த சீட்டில் இரண்டே சொல் இருந்தது: "ஞாபக மறதி." கூடவே நினைவாற்றலுக்கு என்று யாரோ எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டை, பாதி தீர்ந்தது. மாத்திரை சாப்பிட்டும் ரவா தோசையில் வெங்காயம் வருவது நிற்கவில்லை என்பதுதான் அவருடைய புகார். வெங்காயம் வேண்டாம் என்று சொன்னவர்களின் ரவாவில்.

வயது 57. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். 19 வயதில் தாராவியில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்தவர், மும்பையிலேயே நிலைத்துவிட்டார். இப்போது வீடு ஆன்டாப் ஹில்லில். மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு டிபன் ஓட்டலில் 31 வருடமாகச் சர்வர். வீட்டில் தமிழ், மேசையில் பம்பாய் ஹிந்தி, அடுப்படியில் இரண்டும் கலந்து. அவரும் வீட்டாரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஆளைக் கண்டுபிடித்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் பேச்சுப் பயிற்சியாளர். டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு நான் டாக்டரம்மாதான். மனசு இளகினால் தாயி.

எங்களிடம் வருவதற்கு நாலு மாதம் முன்பு, காலை நேரக் கூட்டத்தில் சாம்பார் வாளியோடு நடந்துகொண்டிருந்தபோது வலது கை சோர்ந்து வாளி நழுவியது. பக்கவாதம். மூளையின் இடது பக்கம், முன்மடலின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு இடத்தில் ரத்த ஓட்டம் நின்றிருந்தது ஸ்கேனில் தெரிந்தது. முதல் வாரம் பேச்சு திக்கியது. ஆறு வாரத்தில் கை தேறியது, பேச்சும் கிட்டத்தட்டப் பழையபடி ஆகிவிட்டது. மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினார். கோளாறு அங்கேதான் வெளியே வந்தது.

இந்த மாதிரி ஓட்டல்களில் பழைய சர்வர்கள் சீட்டும் பென்சிலும் வைத்துக்கொள்வதில்லை. நாலு மேசை, பதினைந்து பதினாறு பேர், எல்லாம் தலைக்குள் நிற்கும். அடுப்படி வாசலில் போய் ஒரே மூச்சில் கத்துவார்கள்: ரெண்டு இட்லி வடை, ஒரு மைசூர் மசாலா ஜெயின், ஒரு கடக் ரவா காந்தா இல்லாம, மூணு காபி. (ஜெயின் என்றால் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு போடாதது. கடக் என்றால் முறுகல். காந்தா என்றால் வெங்காயம். மும்பையில் இருபது வருடம் இருந்த எந்தத் தமிழரும் ஓட்டலில் வெங்காயம் என்று சொல்ல மாட்டார்.) அண்ணாச்சி அந்த வித்தையில் பெயர் எடுத்தவர். இப்போது ஒரே மேசை ஆர்டரே கலங்குகிறது. "காதுல எல்லாம் விழுது தாயி. விழுந்தது அங்கன நிக்க மாட்டேங்கு" என்றார்.

முதல் மாதம்: நான் போட்ட தப்புக் கணக்கு

மறதி நோய் இல்லை என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. முந்தின நாள் என்ன சாப்பிட்டார், யார் வந்தார்கள், மகன் எந்தத் தேதியில் பணம் போட்டான், எல்லாம் சொன்னார். ஒரு குட்டிக்கதை சொல்லி அரை மணி கழித்துக் கேட்டால் சாரம் சரியாக வந்தது. படத்தைக் காட்டினால் பெயர் சொன்னார், பெயரைச் சொன்னால் விளக்கம் சொன்னார். சுரைக்காய்க்கும் பூசணிக்காய்க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டதற்கு, சாம்பாரில் எது கரையும் எது நிற்கும் என்று எனக்கே பாடம் எடுத்தார். ஆக, சொற்களின் பொருள் தொலையவில்லை. பழைய நினைவுகளும் தொலையவில்லை.

கேட்டதை உடனே திருப்பிச் சொல்வதில்தான் சறுக்கல். எண்களைத் தமிழில் சொன்னால் 4 வரை. ஹிந்தியில் சொன்னால் 5. இந்த ஒன்று கூடுதலுக்கு நோயோடு சம்பந்தம் இல்லை. ஏக், தோ, தீன், சார் எல்லாம் ஒரே அசை. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு எல்லாம் இரண்டு அசை. வாய்க்குள் ஓட்டிப் பார்க்க நேரம் கூடினால் நிற்கும் எண்ணிக்கை குறையும். 1980இல் எல்லிஸ், ஹென்னலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேல்ஸ் நாட்டு இருமொழிக்காரர்களிடம் இதையே பார்த்தார்கள்: வெல்ஷ் எண்களைச் சொல்ல ஆங்கில எண்களைவிட நேரம் பிடிக்கும், அதனால் வெல்ஷில் நினைவு குறைவாகத் தெரிந்தது. நம்மவர்கள் போன் நம்பரை ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ சொல்வதற்குப் பழக்கம் ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணமாக இருக்கலாம்.

சாதாரணச் சொற்கள் என்றால் மூன்றுதான் தேறியது. நாலாவது வைத்தால் எல்லாம் சரிந்தது.

இந்த இடத்தில் படித்த பாடம் கண்ணை மறைத்தது. செயல்நினைவு என்று நாங்கள் சொல்வது, ஒரு விஷயத்தைச் சில நொடிகள் கையில் பிடித்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்கிற திறமை. உளவியலாளர் மில்லர் 1956இல் "ஏழு, கூடக்குறைய இரண்டு" என்று எழுதியதில் இருந்து அதற்கு எத்தனை இடம் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. 2001இல் கோவன் அதை நாலு என்று குறைத்தார். எப்படிப் பிடித்துவைக்கிறோம் என்பதற்கு வெகுகாலம் ஒரே பதில்தான் இருந்தது: ஓசையாக. 1964இல் கான்ராட் எழுத்துகளைக் கண்ணுக்குத்தான் காட்டினார். ஆனால் மக்கள் செய்த பிழைகள் காதுக்கு ஒத்த எழுத்துகளில் விழுந்தன. 1966இல் பேட்லி, ஓசை ஒத்த சொற்களை வரிசையாகச் சொன்னால் உடனே திருப்பிச் சொல்வது பெரும்பாடு என்றும், பொருள் ஒத்த சொற்களால் அவ்வளவு குழப்பம் இல்லை என்றும் காட்டினார். 1974இல் அவரும் ஹிட்சும் கொடுத்த மாதிரியில் ஒலிச் சுற்று என்று ஒன்று வருகிறது: கேட்ட ஓசை ஓரிரு நொடி தங்கும், அழிவதற்குள் மனசுக்குள் திரும்பச் சொல்லிப் புதுப்பித்துக்கொள்வோம். கடைக்குப் போகும்போது "ரெண்டு கிலோ பருப்பு, ரெண்டு கிலோ பருப்பு" என்று முணுமுணுப்போமே, அது.

நான் படித்த காலத்தில் இதுதான் அரிச்சுவடி. அதனால் அண்ணாச்சியின் கோப்பில் "ஒலிச் சுற்றில் பாதிப்பு" என்று எழுதி, சொல் வரிசைகளைத் திரும்பச் சொல்லும் பயிற்சியை ஒரு மாதம் கொடுத்தேன். மூன்று சொல் மூன்றாகவே இருந்தது. அவர் பொறுமையாக வந்துகொண்டிருந்தார். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

ஓசை இருக்கிறது, உள்ளே இருப்பது இல்லை

திருப்பம் தற்செயலாக வந்தது. ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. வாயால் சொல்வதற்குப் பதில் சொற்களை அட்டையில் எழுதி ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒலிச் சுற்று பழுதானவர்களுக்கு அட்டை உதவ வேண்டும். காதில் விழுவதைவிடக் கண்ணில் படுவது அவர்களுக்கு நன்றாக நிற்கும். அண்ணாச்சிக்கு மூன்று இரண்டாகக் குறைந்தது. "அட்டை இன்னும் மோசம் டாக்டரம்மா. நீங்க சொன்னா அந்தச் சத்தமாவது கொஞ்சம் கெடக்கும்."

அந்தச் சத்தமாவது. அன்று இரவு கோப்பை முதலில் இருந்து புரட்டினேன்.

அடுத்த வாரம் அர்த்தமே இல்லாத சொற்கள்: நொமிலி, கடுபை, தேசகு. மூன்றையும் வரிசை மாறாமல் சொன்னார். நமக்கெல்லாம் இது நிஜச் சொற்களைவிடக் கஷ்டம், ஏனென்றால் நிஜச் சொல்லுக்குப் பொருளும் ஒரு பிடி கொடுக்கும். அவருக்கு மாமரம், கதவு, ஆடு என்ற வரிசையும் நொமிலி, கடுபை, தேசகு என்ற வரிசையும் ஒரே எடை. பொருள் அவருக்குப் பிடி கொடுக்கவில்லை.

1994இல் ஹூஸ்டனில் ராண்டி மார்ட்டினும் கூட இருந்தவர்களும் இரண்டு நோயாளிகளை ஒப்பிட்டு எழுதியது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஏ.பி., ஈ.ஏ. என்று எழுத்துகளால் குறிக்கப்பட்டவர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இருவருக்கும் சொல் வரிசை நிற்காது. ஆனால் ஈ.ஏ.வுக்கு ஓசை நழுவியது, பொருள் நின்றது. ஏ.பி.க்கு ஓசை நின்றது, பொருள் நழுவியது. அதைப் பிரித்துக் காட்டியது இரண்டு எளிய சோதனைகள்: கடைசியாகச் சொல்கிற சொல்லோடு ஓசை ஒத்த சொல் வரிசையில் இருந்ததா, அதே இனத்துச் சொல் வரிசையில் இருந்ததா.

ஓசைச் சோதனையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் செயற்கையாக இருக்கும். சொல்லின் கடைசி ஓசையைப் பிடிப்பது ஆங்கிலக் காதின் பழக்கம். நமக்கு இரண்டாம் எழுத்து, அதாவது எதுகை. பட்டு, மரம், கோழி என்று சொல்லிவிட்டு "தட்டு?" என்று கேட்டேன். "இருக்கு, பட்டு." வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த காது, விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார். ஐந்து சொல் வரை பிசகவில்லை. ஆறில்தான் தடுமாற்றம்.

பிறகு இனம். கத்தரிக்காய், நாற்காலி, மாடு. "வெண்டைக்காய்?"

மௌனம். கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. மூன்று சொற்களையும் முணுமுணுத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஓசை அங்கே இருக்கிறது. "இல்லை" என்றார். கத்தரிக்காய் என்று தன் வாயாலேயே முணுமுணுத்துவிட்டு.

இரண்டு சொல் வைத்தால் சரியாகச் சொன்னார். மூன்று வைத்தால் காசைச் சுண்டிப் போடுவது போலத்தான். அவருடன் வேலை பார்க்கும், அதே வயதுள்ள இரண்டு பேரிடமும் கேட்டேன். ஒருவர் ஐந்து வரை போனார், இன்னொருவர் ஆறு. இரண்டு பேரை வைத்து ஊருக்கே அளவுகோல் போட முடியாது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் இரண்டுக்கும் ஐந்துக்கும் உள்ள இடைவெளி பெரியது.

ஓட்டலில் ஒரு காலை

சோதனை அறையில் பார்த்தது மேசைக்குச் சரிவருமா? ஒரு புதன்கிழமை எட்டரை மணிக்குப் போய் மூலையில் உட்கார்ந்தேன். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடைகளில் அள்ளின கதம்ப வாசனை இன்னும் கைப்பையில் இருந்தது. கல்லாவில் இருந்தவருக்கு விஷயம் தெரியும்; இரண்டு காபிக்கும் காசு வாங்க மறுத்துவிட்டார்.

இரண்டு மணி நேரம் நோட்டில் குறித்தேன். தட்டு திரும்பிய ஆர்டர்களையும் திரும்பாதவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது, எண்ணிக்கையைவிட வேறு ஒன்று கண்ணில் பட்டது. "ஏக் ரவா. கடக். காந்தா நகோ" என்று வெட்டி வெட்டிச் சொன்ன மராட்டிக்காரருக்குச் சரியான தட்டு போனது. அடுத்த மேசையில் நம் ஊர் அம்மா ஒருவர் நிதானமாக, "வெங்காயம் போடாம, நெய் விட்டு, நல்லா முறுகலா ஒரு ரவா" என்றார். முறுகலாகத்தான் வந்தது. வெங்காயத்தோடு, எண்ணெயில்.

பட்டியல் இரண்டிலும் ஒன்றுதான். ஒரு தோசை, அதைப் பற்றி இரண்டு மூன்று விஷயம். வித்தியாசம், ரவா என்ற சொல் எப்போது வந்தது என்பதில். முதலில் ரவா வந்துவிட்டால், பின்னால் வருகிற ஒவ்வொன்றையும் அதன்மேலேயே ஒட்டிவிடலாம். கடக் என்றதும் மனசில் இருக்கிற ரவா முறுகிவிடும். காந்தா நகோ என்றதும் வெங்காயம் உதிர்ந்துவிடும். கையில் இருப்பது எப்போதும் ஒரே பொருள். ரவா கடைசியில் வந்தாலோ, போடாதது, நெய் விட்டது, முறுகலானது என்று ஆள் இல்லாத அடைமொழிகளைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். அண்ணாச்சியின் கையில் இரண்டுக்கு மேல் நிற்காது. முதலில் ஏந்தியதுதான் முதலில் கீழே விழும்: வெங்காயம்.

இதுவும் புதிதல்ல. மார்ட்டினும் ரோமானியும் அதே 1994இல், பெயருக்கு முன்னால் இரண்டு மூன்று அடைமொழி அடுக்கினால் ஏ.பி. தடுமாறுவதையும், அதே அடைமொழிகள் பெயருக்குப் பின்னால் வந்தால் சமாளிப்பதையும் காட்டியிருந்தார்கள். ஆனால் ஆங்கிலத்தில் அது ஒரு சின்ன மூலை. நீளமான விவரம் எல்லாம் அங்கே பெயருக்குப் பின்னால்தான் போகும். தமிழில்? "நேத்து மாடியில காயப்போட்ட, நீலக் கரை வச்ச, ஓரம் கிழிஞ்ச துண்டு." நம் மொழி முழுக்கவே பெயரைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருகிறது. வினையும் கடைசியில். இந்தக் கோளாறு இங்கிலீஷ்காரருக்கு வந்தால் கால் கிலோ கனம் என்றால் தமிழருக்கு வந்தால் இரண்டு கிலோ என்று நோட்டில் எழுதிவைத்தேன். அது அவசர முடிவு என்பது பிறகு தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

முதலில் சோதனை. 24 வாக்கியங்கள் எழுதினேன், பாதி பொருந்துவது, பாதி அபத்தம். அபத்தத்தைப் பிடிக்க வேண்டும். "துருப்பிடித்த, பெரிய, பழைய தலையணையை விற்றுவிட்டார்" என்று படித்தேன். அண்ணாச்சி தலையாட்டினார்: "சரிதான். வித்திருப்பாரு." கொஞ்ச நேரம் கழித்து, "தலையணையை விற்றுவிட்டார். பழையது, பெரியது, துருப்பிடித்தது" என்று படித்தேன். கடைசிச் சொல் முடிவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. "தலையாணி எங்கன தாயி துருப்பிடிக்கும்!" துருப்பிடித்த தலையணை என்று ஒற்றை அடைமொழியோடு சொன்னாலும் உடனே பிடித்துவிட்டார். பெயர் கடைசியில் வந்த 12இல் 5 தப்பு. முதலில் வந்த 12இல் ஒன்று.

பேசும்போதும் இதே ஓட்டை தெரிந்தது. சின்னப் பச்சை இலைப் படத்தைக் காட்டி மூன்றையும் சேர்த்துச் சொல்லச் சொன்னால், "சின்ன... இலை... பச்சை. இலை. சின்னது." தனித்தனியாக மூன்றும் வரும். சேர்த்துக் கட்டி வெளியே அனுப்ப வராது. சொல்லப்போகிற பொருள்களையும் சில நொடி ஏந்த வேண்டியிருக்கிறது அல்லவா?

பெரியப்பா மகனோட மச்சினன்

தமிழ் மொத்தமுமே அவருக்குச் சுமை என்ற என் முடிவை உடைத்தது அவர் வீட்டம்மாவின் (எனக்கு அக்கா) ஒரு போன் பேச்சு. அன்று ஆன்டாப் ஹில் வீட்டில் இருந்தேன். அக்கா ஊருக்குப் பேசிவிட்டுப் போனை வைத்துக்கொண்டே, "ஏங்க, வடக்குத் தெரு பெரியப்பா மவனோட மச்சினன் பொண்ணுக்குக் கல்யாணமாம்" என்றார்.

எனக்குப் பாதியிலேயே வழி தவறிவிட்டது. அண்ணாச்சி ஒரு நொடி யோசிக்கவில்லை. "யாரு, அம்பாசமுத்திரத்துல பாத்திரக்கடை வச்சிருக்கானே, அவன் பொண்ணா?"

வடக்குத் தெரு, பெரியப்பா, மகன், மச்சினன், அப்புறம்தான் பெண். ஐந்து சொல் தாண்டிக் கடைசியில்தான் ஆள் வருகிறார். மூன்று அடைமொழிக்கே கவிழ்ந்தவர் இதை எப்படி ஏந்தினார்? வீட்டுக்குத் திரும்புகிற ரயிலில்தான் பிடிபட்டது. அவர் ஏந்தவே இல்லை. பெரியப்பா என்றதும் ஓர் ஆள் மனசில் வந்துவிட்டார். மகன் என்றதும் பெரியப்பாவை விட்டுவிட்டு மகனுக்குப் போய்விடலாம். மச்சினன் என்றதும் மகனையும் விட்டுவிடலாம். படிக்கட்டு மாதிரி, ஒரு படியில் கால் வைத்ததும் பின்படி தேவையில்லை. வெங்காயம் போடாத, நெய் விட்ட, முறுகலான என்பது படிக்கட்டு இல்லை. மூன்று பேரும் ஒரே ஆளுக்காகப் பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள். அந்த ஆள் வரும்வரை ஒருவரையும் அனுப்ப முடியாது.

ஆகவே சொற்கள் எத்தனை என்பதும், முக்கியமான சொல் கடைசியில் வருகிறதா என்பதும் மட்டும் பொருட்டில்லை. வந்த பொருளை வந்த இடத்திலேயே எதோடாவது கோர்த்து முடிக்க முடிகிறதா என்பதுதான் அவரைத் தூக்குகிறது அல்லது கவிழ்க்கிறது. தமிழ் இதற்கு வழியில்லாத மொழி என்று நான் எழுதியது தப்பு. வேற்றுமை உருபு ஒன்று காதில் விழுந்தாலே அடுத்து வரப்போவதைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். பேச்சுத் தமிழோ இன்னும் தாராளம். "வந்தாரு, நம்ம மாடிவீட்டுக்காரரு" என்று வினையை முன்னால் போட்டுவிட்டு மிச்சத்தைப் பின்னால் சிந்திக்கொண்டே போகலாம். எழுத்தில் அது வழு. வாயில் அதுதான் வழக்கு.

ஒப்பிட இன்னொருவர்

அதே மாதங்களில் தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணியும் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். அவருக்கும் பக்கவாதம்தான், ஆனால் பாதிப்பு காதுக்கு மேலே, பின்பக்கமாக, பக்கமடலின் கீழ்ப்பகுதியில். "மாமியார் நேற்று ஊருக்குப் புறப்பட்டுப் போனார்" என்பதைத் திருப்பிச் சொல்லச் சொன்னால், "அத்தை நேத்தே கெளம்பிட்டாங்க" என்பார். விஷயம் பத்திரம். ஓசை போய்விட்டது. நொமிலி மாதிரிச் சொல் ஒன்றைக்கூட அவரால் பிடிக்க முடியவில்லை. அட்டையில் எழுதிக் காட்டினால் முகம் மலரும். எதுகைச் சோதனையில் தோற்றார், காய்கறிச் சோதனையில் அண்ணாச்சியைவிட நன்றாகச் செய்தார். துருப்பிடித்த தலையணையை அடுக்கிச் சொன்னாலும் பிடித்துவிட்டார்.

ஓசைக்குப் பக்கமடலின் கீழ்ப்பகுதி, பொருளுக்கு முன்மடலின் கீழ்ப்பகுதி என்று இந்தத் துறையில் சொல்லிவருவதோடு இரண்டு ஸ்கேனும் ஒத்துப்போயின. 1969இல் வாரிங்டனும் ஷாலிஸும் விவரித்த கே.எஃப். என்ற நோயாளியின் காலம் தொட்டே இந்த அம்மாவைப் போன்றவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். 1988இல் வந்த இன்னொரு ஆய்வில், பி.வி. என்ற பெண்மணிக்குத் தெரிந்த சொற்களை ஜோடி ஜோடியாகக் கற்க முடிந்தது, கேள்விப்படாத ரஷ்யச் சொற்களைக் காதால் கேட்டுக் கற்க முடியவில்லை என்று காட்டினார்கள். தையல்கார அம்மாவும் தன் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த வங்காளிக் குடும்பத்தின் பெயரைக் கடைசிவரை கற்கவில்லை. "அந்த மீன்கார வீடு" என்பார்.

பழைய ஆர்டர் புகுந்துவிடுவது

மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ஓட்டலில் நான் குறித்த தப்புகளில் எல்லாமே விழுந்துபோனவை இல்லை. மூன்றாவது மேசையில் எழுந்துபோனவர்கள் கேட்ட ஊத்தப்பம், அங்கே புதிதாக உட்கார்ந்தவர்களுக்கு வந்தது. இனச் சோதனையிலும் முந்தின வரிசையில் இருந்த சொல்லுக்கு "இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். 2005இல் ஹாமில்டனும் மார்ட்டினும் எம்.எல். என்ற நோயாளியிடம் இதைத்தான் பார்த்தார்கள்: பழையது அழியாமல் புதியதன் குறுக்கே வந்து நிற்கிறது. அப்படியானால் பொருளை ஏந்த இடம் போதவில்லையா, அல்லது பழைய பொருளை வெளியே தள்ள முடியவில்லையா? ஏந்துவதற்கென்று தனி இடமே கிடையாது, பொருள்களைக் கட்டுப்படுத்துகிற திறமை தளர்ந்ததன் விளைவுதான் இதெல்லாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஒரு அண்ணாச்சியை வைத்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. என் மனசு இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்கிறது, அந்த ஊத்தப்பத்தால். ஆனால் கூட்டமே இல்லாத நேரத்தில், அன்றைய முதல் மேசையிலும் வெங்காயம் வந்ததை அது விளக்கவில்லை.

என்ன செய்தோம்

சொல் வரிசைப் பயிற்சியை நிறுத்தினேன். சீட்டில் எழுதிக்கொள்ளலாமே என்று சொன்னதற்கு அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "முப்பத்தோரு வருசம் கழிச்சு சிலேட்டைத் தூக்கிட்டு நிக்கவா?" சரி, விட்டுவிட்டேன். தன்மானத்தோடு சண்டை போட்டுப் பயிற்சி நடத்த முடியாது.

வீட்டில் முதலில் ஆரம்பித்தோம். அக்காவிடம் சொன்னது ஒன்றுதான்: பொருளை முதலில் சொல்லுங்கள், அடையாளத்தை அப்புறம் சொல்லுங்கள். "துண்டை எடுத்துட்டு வாங்க. நீலக் கரை. மாடியில காயுது." இரண்டு வாரத்தில் அக்காவுக்குப் பழகிவிட்டது. மருமகள் மட்டும், "இப்படிப் பேசினா மாமாவை அதட்டுற மாதிரி இருக்குங்க" என்று தயங்கினாள். நியாயம்தான். மரியாதை நம் பேச்சில் பாதி அந்தச் சுற்றி வளைப்பில்தான் இருக்கிறது. "மாமா, துண்டு வேணும்" என்று ஆரம்பித்து ஒரு மூச்சு விட்டுத் தொடரச் சொன்னேன்; அது அவளுக்குச் சரிப்பட்டது.

ஓட்டலில் கல்லாக்காரர் நாலு மேசையை மூன்றாக்கினார், காலை வேளை மட்டும். நாலு மேசையையும் சேர்த்துக்கொண்டு அடுப்படிக்குப் போகும் பழைய வித்தையை விட்டு, ஒரு மேசை முடிந்ததும் வாசலில் போய்ச் சொல்லிவிட்டு வருவது என்று ஏற்பாடு. கால் வலிக்கிறது என்று முனகினார், ஆனால் செய்தார்.

மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு யார் பாடம் எடுப்பது? வாடிக்கையாளரிடம் போய் "தோசை பேரை முதல்ல சொல்லுங்க" என்று போர்டா மாட்ட முடியும்? இதற்கு வழி என்னிடம் இல்லை. ஆறு வாரம் அதை யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஆறாவது மாதம் திரும்பச் சோதித்தபோது காய்கறிச் சோதனை இரண்டில் இருந்து மூன்றுக்கு வந்திருந்தது, அதுவும் நல்ல நாளில். எதுகையில் மாற்றம் இல்லை. அங்கே குறையே இல்லையே. பெயர் கடைசியில் வந்த வாக்கியங்களில் இன்னும் 4 தப்பு. ஏட்டில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. ஆனால் திரும்பிய தட்டுகளைத் தனியாக எண்ணிக்கொண்டிருந்த கல்லாக்காரர், முன்பு தினம் இரண்டு மூன்று, இப்போது வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ என்றார். குடும்பமாக எட்டுப் பேர் வந்தால் மட்டும் அண்ணாச்சி தானாகவே இன்னொரு சர்வரைக் கூப்பிட்டுவிடுகிறாராம்.

இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. காரணம் பார்க்க மறுபடியும் ஒரு காலையில் போய் அதே மூலையில் உட்கார்ந்தேன். அவரே வந்தார். வேண்டுமென்றே நம் ஊர் அம்மா மாதிரி ஆரம்பித்தேன்: "அண்ணாச்சி, வெங்காயம் போடாம, நெய் விட்டு..."

கையை உயர்த்தி நிறுத்தினார்.

"என்ன வேணும் தாயி, ரவாவா?"

"ஆமாம், ரவா."

"ரவா. சரி. இப்ப சொல்லுங்க."